புள்ளி போட்டு வளர்த்த பிள்ளைக்கு

செந்தில்,

ஆபீசில் இருந்தால் இதை இப்போது பிரிக்காதே. வீட்டுக்குப் போய், கை கால் கழுவி, சாப்பிட்டு முடித்துவிட்டுப் பிரி. நான் கோபமாக இருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், நானும் பாதியிலேயே இறங்கி வந்துவிடுவேன். உனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து நமக்குள் அப்படித்தான் நடக்கிறது. அதனால் நாலு நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன். முதல் மூன்று நாள் எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டேன். எல்லாவற்றிலும் நான் உனக்கு வக்காலத்து வாங்கியிருந்தேன். இந்த முறை வாங்கப் போவதில்லை. வித்யாவும் இதைப் படிக்கட்டும். எழுதியதை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் திரும்பப் பிரதி எடுக்கிறேன். "கொஞ்சம் காரம் ஜாஸ்தி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் என் பங்கைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது.

உனக்கு ஏழு வயதானபோது சமையலறைக் கதவின் பின்பக்கம் ஒரு காலண்டர் அட்டையைத் திருப்பி ஒட்டி, கட்டம் போட்டது நான். கல்கத்தா பாலிகஞ்ச் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சராக இருந்தேன்; நாற்பது பிள்ளைகளைத் தங்க நிற ஸ்டார் ஒட்டியே அடக்கி வைத்திருந்தேன். அந்த வித்தையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். படுக்கையைச் சுருட்டினால் ஒரு ஸ்டார். தண்ணீர்ப் பாட்டில்களை நிரப்பினால் ஒன்று. ஷூவுக்குப் பாலிஷ் போட்டால் ஒன்று, அப்பாவின் ஷூவுக்கும் சேர்த்துப் போட்டால் இரண்டு. இருபது சேர்ந்தால் பாலிகஞ்ச் ஸ்டேஷனில் ரயில் ஏறி பஜ்பஜ் வரை போய்விட்டு அடுத்த ரயிலில் திரும்பி வருவோம். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் வங்காளத்தில் எழுத்துக் கூட்டிப் படிப்பாய். ஒரே மாதத்தில் நீ வேலைக்காரப் புலி ஆகிவிட்டாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, எல்லோரும் இதைச் செய்து பாருங்கள் என்று பேசினேன். கை தட்டினார்கள்.

உன் அப்பா மட்டும் முதல் நாளே கேட்டார். கார்டன் ரீச் ஆபீசிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், கதவுக்குப் பின்னால் இருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே, "ஏம்மா, இவன் நம்ம வீட்டுப் பையனா, உன் கிளாஸ் பையனா?" என்றார். "உங்களுக்கு ஃபைல் தள்ளத்தான் தெரியும், பிள்ளை வளர்க்கறதப் பத்தி என்ன தெரியும்?" என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் அப்படி, ஒரு தடவைதான் சொல்வார். அந்த ஒரு தடவை காதில் வாங்காதவள் நான்.

உனக்குப் பதினோரு வயதில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஒருநாள் மதியம், எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தபடி உன்னைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டேன். நீ வாசல்படியில் நின்று, முகத்தில் துளிகூட விஷமம் இல்லாமல், "அம்மா, இதுக்கு ஸ்டார் உண்டா?" என்று கேட்டாய். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த ஜுரத்திலும் எழுந்துபோய் அட்டையைக் கிழித்திருக்க வேண்டும். சிரித்தேன். "ரெண்டு உண்டுடா" என்றேன். நீ ஓடிப் போய்க் கொண்டுவந்தாய். அதை ஒரு வேடிக்கைக் கதையாக்கி இருபது வருஷம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் கல்யாணத்தில்கூடச் சொன்னேன். பந்தியே சிரித்தது. உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வித்யா சிரிக்கவில்லை. அன்று அவளைக் கொஞ்சம் அழுத்தமான பெண் போலிருக்கிறது என்று நினைத்தேன். இன்று அவள் காலில் விழலாம் போலிருக்கிறது.

விளையாட்டே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கல்யாணமாகிக் கல்கத்தா வந்த புதிதில் பஸ் போர்டு படிக்கத் தெரியாமல் இரண்டு முறை வழி தவறியவள் நான். ஒரு நாளைக்குப் பத்து வங்காள எழுத்து எனக்கு நானே கணக்கு வைத்து, பத்தும் தப்பில்லாமல் எழுதினால் ஒரு சந்தேஷ் இனிப்பு வாங்கித் தின்பேன். இரண்டு மாதத்தில் பேப்பர் படித்தேன், இரண்டு கிலோ ஏறினேன். ஆனால் அந்த விளையாட்டில் ஆடியவளும் நான், ஏமாற்றினால் ஏமாறுபவளும் நான். என் சோம்பலோடு நான் ஆடியது. உனக்கு நான் கற்றுக்கொடுத்தது அது இல்லை. தாய்க்குத் தண்ணீர் தருவதையும் பாட்டில் நிரப்புவதையும் ஒரே கட்டத்தில் போடக் கற்றுக்கொடுத்தேன். நீ நல்ல மாணவன். கற்றதை வைத்தே பிழைப்பும் தேடிக்கொண்டாய். ஊர் உலகத்தையெல்லாம் புள்ளி சேர்க்க வைக்கும் செயலிகளைச் செய்து புனேயில் பெரிய ஆளாகிவிட்டாய்.

ஜனவரியில் அப்பாவுக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டபோது நீ வந்து பார்த்தாய். அதற்குப் பிறகு மூன்று மாதம் அவர் நாற்காலியில் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தார். பிசியோதெரபி செய்ய வருபவர் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். நான் கெஞ்சினேன், அழுதேன், சண்டை போட்டேன். ஏப்ரலில் நீ அந்த விளையாட்டை எழுதி அவர் போனில் போட்டுக் கொடுத்தாய். மாத்திரைக்குப் புள்ளி, கைப்பயிற்சிக்குப் புள்ளி, நடைக்குப் புள்ளி. ஐந்நூறு அடியில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏறும். ஒருநாள்கூட விடாமல் செய்தால் நாள்கணக்கு ஒரு தீபம் போல எரிந்துகொண்டே இருக்கும். ஒருநாள் விட்டால் அணைந்து மறுபடி ஒன்றிலிருந்து. உண்மையைச் சொல்ல வேண்டும்: அது வேலை செய்தது. முதல் வாரமே எழுந்து நின்றார். மே மாதக் கடைசியில் தடியைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரை வரை போய், மண் குவளையில் டீ குடித்துவிட்டு வந்து, "ரெண்டாயிரத்து இருநூறு!" என்று வாசலிலேயே கத்தினார். அன்றைக்கு நான் உனக்குப் போன் செய்து அழுதது உனக்கு நினைவிருக்கும். பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எதிர் ஃபிளாட் வங்காளத்து அம்மாள், நம் மாஷிமாவிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

ஆனால் செந்தில், ஏப்ரலுக்கு முன்னால் நீ தினமும் கூப்பிடுவாய். மே மாதத்தில் அது வாரத்துக்கு இரண்டாயிற்று. ஜூனில் ஞாயிற்றுக்கிழமை மட்டும். நான் கேட்டதற்கு, "தினம் பார்த்துட்டுதாம்மா இருக்கேன், எல்லாம் பச்சையா இருக்கு, அப்பா சூப்பரா பண்றார்" என்றாய். நீ பார்த்தது பச்சையை. எத்தனை நாள் அவர் கைப்பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டுக் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார் தெரியுமா? அந்த நாட்களில் அவர் விரலுக்குப் பதிலாக என் விரலால் நான் 'முடிந்தது' என்ற பொத்தானை அழுத்தினேன். தீபம் அணைந்தால் அவர் மறுபடி நாற்காலிக்குப் போய்விடுவார் என்று பயம். நீ பார்த்துச் சந்தோஷப்பட்டதில் பாதி என் பொய். இதை இத்தனை நாள் உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஜூலையில் அந்த மூன்று நாள் மழை. ஸ்டேஷனிலிருந்து நம் சந்து வரை முழங்கால் தண்ணீர். ஏரிக்கரைக்குப் போக முடியாது. "இன்னைக்கு வேண்டாங்க" என்றேன். "தொண்ணூத்தேழாவது நாள்மா" என்றார். வீட்டுக்குள்ளேயே நடங்கள் என்றதற்குத் தலையாட்டினார். நான் அடுப்படியில் இருந்தேன். வாசல் கதவுச் சத்தம் கேட்டது. கீழே வராந்தாவில் நடக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் மொட்டை மாடிக்குப் போயிருக்கிறார். மழைக்காலம் முழுக்கப் பாசி பிடித்துக் கிடக்கும் மாடி. தண்ணீர் போகும் துவாரம் அடைத்திருக்கிறதா என்று பார்க்க மாஷிமா குடையோடு ஏறிப் போனதால் தெரிந்தது. "ஓ மா! கீ ஹொலோ!", ஐயோ என்ன ஆச்சு, என்று மாஷிமா அலறியது எனக்கு மூன்று மாடி கீழே கேட்டது.

நான் மேலே ஓடினேன். ஒருக்களித்து விழுந்து கிடந்தார். மழை அவர் முகத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. வாய் நீலமாகி நடுங்கியது. எத்தனை நேரம் அப்படிக் கிடந்தார் என்று தெரியாது. நான் சாதம் வடித்து, கூட்டும் முடித்திருந்தேன், அவ்வளவு நேரம். என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நாலாயிரம் ஆச்சா, பாரு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? பார்த்தேன். அவரைத் தூக்குவதற்கு முன்னால், தலைக்கு அடியில் கை கொடுப்பதற்கு முன்னால், சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, புடவையில் துடைத்து, எண்ணைப் பார்த்தேன். முந்நூற்றுப் பத்து குறைவாக இருந்தது. "ஆயிடுச்சுங்க" என்றேன். அவர் கண்ணை மூடினார். நாற்பத்தோரு வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷன் மழையில் எலும்பு முறிந்து கிடக்கிறார், நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாஷிமா என்னை எப்படிப் பார்த்தார் என்பதை என்னால் எழுத முடியாது. எனக்கு உன்மேல் இருக்கும் கோபத்தில் முக்கால்வாசி அந்த நிமிஷத்தில் என்மேல் வந்ததுதான். ஆனால் மீதிக் கால்வாசி உன்னுடையது, அதைக் கேள்.

தெருக் கிளப்பிலிருந்து நாலு பேர் வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, மேலே தார்பாய் பிடித்து, தண்ணீருக்குள் மெயின் ரோடு வரை தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்க உள்ளே கொண்டுபோனதும் நான் வெளியே பெஞ்சில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தேன். உன்னைக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. பதினோரு மணிக்கு அவர் போன் என் மடியில் அதிர்ந்தது. உன் படம். உன் பெயர். "அப்பா, இன்னும் கொஞ்சம்தான்! இன்னைக்கு விட்டுடாதீங்க!" என் பிள்ளை வந்துவிட்டான் என்று நினைத்தேன். அதிலேயே எழுதினேன்: "செந்தில், அப்பா மாடியில் விழுந்துட்டார், ஆஸ்பத்திரியில் இருக்கோம், உடனே பேசு." அனுப்பிவிட்டு அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் இல்லை. நீ எதிலோ மாட்டிக்கொண்டிருப்பாய், இதோ கூப்பிடுவாய் என்று அரைமணி நேரம் உனக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டேன். மறுபடி எழுதினேன். பன்னிரண்டு மணிக்குப் பதில் வந்தது. "அப்பா, தீபம் அணையப் போகுது!"

அப்புறம் நீயே கூப்பிட்டாய். என் அழுகைக்கு நடுவே, ஏண்டா பதில் சொல்லவில்லை என்று கேட்டதற்கு நீ சொன்னாய்: "அது நான் இல்லம்மா. அது தானா போற மெசேஜ்."

அது நீ இல்லை. சரி. உன் படம், உன் பெயர், நீ அப்பாவிடம் பேசுகிற அதே பேச்சு. ஆனால் நீ இல்லை. தினமும் காலையில் அவர் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, "பையன் ஞாபகமா அனுப்பிடறான் பாரு" என்று என்னிடம் காட்டுவார். தொண்ணூற்றாறு நாள் காட்டினார். அவர் நடந்தது புள்ளிக்காக என்றா நினைத்தாய்? நாலாயிரத்தைத் தொட்டால் நீ சந்தோஷப்படுவாய் என்று நடந்தார். அவருக்குத் தெரியாத ஒரு சங்கதி, அங்கே சந்தோஷப்பட யாருமே இல்லை என்பது. இன்றுவரை அவருக்கு நான் சொல்லாமல் இருந்தேன். இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டும்போதுதான் சொன்னேன். "காரம் ஜாஸ்தி" என்று அவர் சொன்னதற்கு முன்னால் ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலமே விமானம் பிடித்து வந்துவிட்டாய், அதை நான் மறைக்கவில்லை. இடுப்பில் தகடு வைத்த பிறகு ஒன்பது நாள் கூடவே இருந்தாய். மலம் எடுத்தாய், துணி மாற்றினாய், தூக்கி உட்கார வைத்தாய், உன் கையால் ரசம் சாதம் பிசைந்து ஊட்டினாய். அந்த ஒன்பது நாளில் யாரும் உனக்கு எதுவும் ஒட்டவில்லை. நீயும் கேட்கவில்லை. கதவுக்கு வெளியே நின்று பார்த்து, நான் கெடுத்தது முழுசாகக் கெடவில்லை என்று எத்தனை நிம்மதிப்பட்டேன்! அந்த நிம்மதியை நீ ஒன்பதாம் நாளே காலி பண்ணினாய். ஊருக்குக் கிளம்புமுன் அப்பா கட்டிலின் ஓரத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "எங்க தப்பாச்சுன்னு புரிஞ்சிடுச்சும்மா. மழை நாள், உடம்பு முடியாத நாளுக்கெல்லாம் லீவு கொடுக்கிற வசதி வைக்கல. இப்ப வச்சுட்டேன். உட்கார்ந்தா அஞ்சு புள்ளி, நின்னா பத்து" என்றாய். விமானத்துக்கு நேரமாகிறது, போகும்போது சண்டை வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அன்றே திட்டியிருந்தால் இன்று இத்தனை பக்கம் எழுத வேண்டியிருக்காது.

நீ போன மறுநாள் உன் அப்பா போனை என்னிடம் நீட்டி, "இதுல உள்ளத எடுத்துடு" என்றார். எனக்கு எடுக்கத் தெரியவில்லை. மாஷிமாவின் மகள்தான் எடுத்துக் கொடுத்தாள். உன் செயலி வேலை செய்யவில்லை என்று நான் உனக்குச் சொன்னது பொய்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை. நீ வீடியோவில் கூப்பிட்டாய். மித்ரா வந்தாள். என் பேத்திக்கு நாலரை வயதில் அப்படி ஒரு பொறுமையா என்று எனக்கே ஆச்சரியம். "தாத்தா, சாப்டீங்களா? கால் வலிக்குதா? மாத்திரை போட்டீங்களா?" என்று வரிசையாகக் கேட்டாள். உன் அப்பா வாக்கரை ஒதுக்கிவிட்டு, கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்து, தெருவில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டுவதைப் பற்றி அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் ஜனவரிக்குப் பிறகு கேட்டதில்லை. ஒரு ஆள் மூங்கில் உச்சியில் உட்கார்ந்து காலாலேயே கயிற்றைப் பிடித்துக்கொண்டு பீடி பற்றவைத்த கதை. பாதியில் எங்கேயோ மணி அடித்தது. மித்ரா திரும்பி, "அப்பா, அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சு. ஸ்டார் ஒட்டு" என்றாள். நீ குனிந்து, அவளுக்குப் பின்னால் ஃப்ரிட்ஜில் இருந்த அட்டையில் ஒட்டினாய். பல் தேய்த்தல், பொம்மை எடுத்து வைத்தல், பால் குடித்தல், அதற்குக் கீழே ஒரு வரி. எனக்குக் கண் மங்கல்தான். ஆனால் மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு ஒரு கட்டத்தைத் தூரத்திலிருந்தே படிக்கத் தெரியும். தாத்தா பாட்டியிடம் பேசுதல்.

நீ வெட்கப்படக்கூட இல்லை. சிரித்துக்கொண்டே, "உன் சிஸ்டம்தாம்மா" என்றாய்.

உன் அப்பா, "போகட்டும், குழந்தை விளையாடட்டும்" என்று சொல்லிக் கையசைத்தார். பீடிக்காரன் மூங்கில் மேலேயே நின்றுபோனான். நான் உள்ளே போய்ப் பாத்திரம் துலக்கினேன். துலக்கியதையே மறுபடி துலக்கினேன்.

என் சிஸ்டம்தான். அதனால்தான் கேட்கிற உரிமையோடு கேட்கிறேன். பல் தேய்க்கட்டும், பொம்மை எடுத்து வைக்கட்டும், எத்தனை ஸ்டார் வேண்டுமானாலும் ஒட்டு. அந்தக் கடைசி வரியை மட்டும் எடு. ஒரு மனுஷனைப் பார்த்து வலிக்கிறதா என்று கேட்பதை அந்தக் குழந்தைக்கு வேலையாக்காதே. வேலை என்று ஒருமுறை பதிந்துவிட்டால், முடிந்ததும் கை கழுவத்தான் தோன்றும். நீ அப்படித்தான் எங்கள் பச்சையைப் பார்த்துக் கை கழுவினாய். நீ கெட்டவன் இல்லை. உனக்கு வேலை முடிந்துவிட்டது என்று தோன்றியது, அவ்வளவுதான். உன்னை அப்படி ஆக்கியவள் இருபத்தேழு வருஷம் கழித்து ஒப்புக்கொள்கிறாள். மித்ரா உனக்கு அப்படி ஆகும்வரை காத்திருக்காதே. உனக்கும் ஒருநாள் இடுப்பு உடையும்.

அவள் அதற்கப்புறம் போன் பக்கமே வராமல் போகலாம். வரட்டும், வராமல் போகட்டும். "இப்ப தாத்தாகூடப் பேச எனக்குப் பிடிக்கல" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு ஓடினாலும் உன் அப்பா ஒன்றும் நினைக்க மாட்டார். நாலரை வயதுக் குழந்தைக்கு ஓடுவதற்கு ஆயிரம் இடம் இருக்கிறது. என்றைக்காவது ஒருநாள், நீ கூப்பிடாமல், மணி வைக்காமல், அவளாகவே உன் போனைப் பிடுங்கி, "அந்த ஆள் மூங்கில்ல இருந்து எப்படித் தாத்தா கீழ எறங்கினான்?" என்று கேட்பாள். கேட்கலாம். கேட்காமலும் இருக்கலாம். உன் அப்பா மீதிக் கதையை என்னிடம்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறார். அது அவளுக்கு என்று வைத்திருக்கிறார்.

உன் மீது இன்னும் கோபத்தோடு இருக்கும்,
அம்மா